மூணு வேக்காடு

இல்லம்மா, கீழ வைக்க வேண்டாம். தூக்குவாளி மடியிலயே இருக்கட்டும். கஞ்சி. இந்த பஸ் டிரைவர் போற போக்குல கீழ வச்சா மூடி துறந்து உங்க சேலையெல்லாம் ஆயிரும், பொறவு என்னையத்தான் திட்டுவிய. சூடெல்லாம் ஒண்ணும் சுடல. துண்டு சுத்தியிருக்கேன் பாத்தியளா. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க.

எங்க, ஐகிரவுண்டா? பெரியாஸ்பத்திரிக்கா? நானும் அங்கதான். உங்களுக்கு யாரு உள்ள இருக்காவ? மாமியாரா. சரி, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. எனக்குச் சொந்தம் பந்தம்னு யாரும் இல்ல. எங்க கோயில் பங்குல உள்ள ஒரு மனுசன். கோயில்காரின்னு போய்ப் பாக்கேன். பேரைச் சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்கிடாதிய. நாங்க உதவி செய்யுத ஆளுக பேரை வெளிய விடக்கூடாது. அது நான் வச்ச சட்டம். நானே மீற முடியுமா?

எம் பேரு பெர்பெத்து. தூத்துக்குடியில எங்க தெருவுக்கு வந்து பெர்பெத்தக்கா வீடு எதுன்னு கேளுங்க, கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டுருவாவ. கோயில்ல பிடியரிசிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. நான்தான் தலைவி. சாமியாருமாரு மாறிக்கிட்டே இருப்பாவ, தலைவி மாறல.

பிடியரிசின்னா தெரியுமா? நீங்க பொட்டு வச்சிருக்கிய, அதான் கேக்கேன். எங்க ஆளுக வீட்டுல, சோத்துக்கு அரிசி அளந்ததும் அதுல இருந்து ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவுல போடுவாவ. இல்லாதவங்களுக்குன்னு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரும்போது அதைக் கொண்டாந்து அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துல இருக்க டிரம்முல தட்டிருவாவ. வசதி உள்ளவ பொன்னி போடுவா. இல்லாதவ ரேசன் அரிசி போடுவா. ஒருத்தி பச்சரிசி போடுவா. ஒருத்தி இட்லி அரிசியைக் கொட்டிட்டுப் போவா, கேட்டா அதுவும் அரிசிதானக்காம்பா. எல்லாம் ஒண்ணாக் கிடக்கும். அதைப் பையில கட்டி நாங்க வீடு வீடாக் கொண்டு கொடுப்போம்.

கொடுக்கதுல ஒரு முறை இருக்கு பாத்துக்கிடுங்க. ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். எங்கூட சலோமி வருவா. நல்ல பிள்ளை, வாயே துறக்க மாட்டா. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துக் கிடக்க உச்சி நேரமாப் பாத்துப் போவோம். அரிசிப் பையைக் கூடையில வச்சு, மேல முருங்கைக்கீரையைப் பரத்திருவோம். பாக்கவளுக்குக் கீரைக்காரி போற மாதிரிதான் இருக்கும். மத்த பங்குல எல்லாம் ஒரு சேலையைக் கொடுக்கதுக்கு மைக்கு கட்டிப் பேரு வாசிக்கான். போட்டோ வேற. எங்ககிட்ட அந்தச் சோலியே கிடையாது. வாங்குதவங்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும்லா? அதைக் காப்பாத்தணும்லா?

இந்த மனுசன் லாஞ்சு டிரைவர். விசைப்படகுன்னு நீங்க சொல்லுவிய, நாங்க லாஞ்சும்போம். நல்லா இருந்தவரு. ஆளு நடந்து வந்தா தெருவே நிமிந்து பாக்கும். அந்தோணியார் திருநாளுக்குச் சப்பரம் தூக்கினா முன்கொம்பு அவருக்குத்தான். திருநாள் அன்னைக்கு அசனம் போடுவோம், கோயில் வாசல்ல ஊருக்கே சாப்பாடு. அந்த அசனத்துக்கு வருசா வருசம் மூட்டை மூட்டையா அரிசி இறக்குவாரு. தன் பேரை யாரும் வாசிக்கக்கூடாதும்பாரு. அப்படிப்பட்ட மனுசன் ஒரு நா கடல்ல இருந்து வந்து குளிக்கப் போனவரு, அப்படியே சாஞ்சுட்டாரு. இடது கை, இடது கால் விளங்கல. பிள்ளை குட்டி கிடையாது. பொண்டாட்டி மட்டும்தான். அவ கருவாட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனா. அந்தக் காசு அவரு மருந்துக்கே சரியாப் போச்சு.

ரேசன் அரிசி சும்மாதானே கொடுக்கான்னு கேப்பிய. அங்கதான் இருக்கு. ஓட்டமா ஓடுன காலத்துல, நமக்கு எதுக்கு ரேசன் அரிசி, அதை இல்லாதவன் வாங்கட்டும்னு அவரு சீனி கார்டா வாங்கி வச்சிருந்தாரு. சீனி கார்டுக்கு அரிசி கிடையாது. கார்டை மாத்தணும்னா அவருகிட்ட சொல்லணும். அவருகிட்ட சொல்லுதது யாரு? அல்போன்சா எங்கிட்ட வந்து அழுதா. அக்கா, வீட்டுல அரிசி இல்லைங்கது அவுகளுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா சாப்பிட மாட்டாகன்னு.

அல்போன்சாதான் அவரு பொண்டாட்டி. பேரைச் சொல்லிட்டனா? சரி, பொண்டாட்டி பேரைத்தான சொன்னேன். ஊருல எத்தனை அல்போன்சா.

நான் சொன்னேன்: எளா, நீ கவலையே படாத. உம் புருசனுக்கு இல்ல, அந்தோணியாருக்கே தெரியாமக் கொண்டு தாரேன்னு. சொன்ன மாதிரியே செஞ்சோம். அவரு மருந்து குடிச்சுட்டு உறங்குத நேரம் பாத்து பின்வாசல் வழியாப் போவோம். கூடையைக் கவுப்போம், திரும்பிருவோம். கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு கடைக்காரன் மலிவாத் தாரான்னு அவருகிட்ட சொல்லி வச்சிருந்தா.

முதல் வாரமே அவரு கேட்டிருக்காரு, இது என்ன அரிசி அல்போன்சா, ஒரே பானையில மூணு வேக்காடா இருக்கேன்னு. பொன்னி குழைஞ்சு போகும், ரேசன் அரிசி பதமா நிக்கும், இட்லி அரிசி நறுக்கு நறுக்குன்னு கிடக்கும். கடையில கூட்டி அள்ளுன அரிசி, அதான் மலிவுன்னு சமாளிச்சிருக்கா. பொறவு ஒரு நா நான் போறேன், இவ முறத்தை மடியில வச்சு அரிசியைப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எங்க அரிசியில கல்லு கிடக்காக்கும்னு கேட்டுட்டேன். இல்லக்கான்னா. பாத்தா, பொன்னியை ஒரு பக்கம், ரேசன் அரிசியை ஒரு பக்கம், இட்லி அரிசியை ஒரு பக்கம்னு மணி மணியாப் பிரிக்கா. கம்பெனியில நாள் பூரா மீனைத் தரம் பிரிச்சுட்டு வந்து, வீட்டுலயும் உக்காந்து அதே வேலை. ஒரு நாளைக்கு ஒரு அரிசியை ஆக்குவாளாம். கையெல்லாம் கருவாட்டு உப்பு அரிச்சுப் புண்ணாக் கிடக்கு. எனக்குப் பாவமாத்தான் இருந்தது. ஆனா ஒண்ணு, தர்மத்துக்கு வந்த அரிசியை அப்படிப் பிரிக்கது எனக்குப் பிடிக்கல. ஊரு மனசு எல்லாம் கலந்து வந்த அரிசில்லா அது?

வெளிய வந்ததும் சலோமி சொல்லுதா, அக்கா, பேசாம அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமான்னு. வாயைத் துறக்காதவ, துறந்தா இப்படித்தான். போடீ, அவரு மானஸ்தருன்னு ஒரே போடு போட்டேன்.

இப்ப அசனத்துக்கு வாறேன். இந்த வருசம் மூட்டை இறக்க ஆள் இல்ல. இறக்கினவருதான் படுத்துட்டாரே. புதுசா வந்த சாமியார் யோசனையில இருக்காரு. நான்தான் சொன்னேன், சாமி, டிரம்முல பிடியரிசி கிடக்கு, அதைப் போட்டு அசனம் ஆக்குவோம், எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவுல வேகட்டும்னு. சாமியாருக்கு அப்படி ஒரு சந்தோசம். பிரசங்கத்துலயே எம் பேரைச் சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு இந்தப் பேரு புகழெல்லாம் ஆகாது.

சோறு நல்லாத்தான் இருந்தது. சமையக்காரனுக்குத்தான் கண்ணு பத்தல, கொஞ்சம் முன்னப் பின்ன வெந்திருந்தது. ஊரே உக்காந்து சாப்பிடுது. எனக்கு அந்த மனுசன் நினைப்பு வந்துட்டு. இத்தனை வருசம் ஊருக்குப் போட்டவரு, இன்னைக்கு ஒரு வாய் திங்க வாசலுக்கு வர முடியலையேன்னு. ஒரு இலையில சோத்தை வச்சு, சாம்பாரை ஊத்தி, நானே கொண்டு போனேன். அசனத்தைக் கீரை போட்டு மூட வேண்டியது இல்ல பாருங்க, அது எல்லாருக்கும் பொது. முன்வாசல் வழியாவே போனேன். சலோமியும் கூட வந்தா.

இக்னாசி, இந்தாங்க அசனம்னேன். மனுசனுக்குக் கண்ணு கலங்கிட்டு. வலது கையால இலையைத் தொட்டு நெத்தியில வச்சாரு. நான் சும்மா இருக்காம, இந்த வருசம் யாரு மூட்டையும் இல்ல இக்னாசி, பூராவும் நம்ம பிடியரிசி, எல்லா வீட்டு அரிசியும் இருக்கு, எம் யோசனைதான்னு சந்தோசமாச் சொன்னேன். சாப்பிட்டாரு. ஒரு வாய் போட்டு மென்னாரு. மெல்லுததை நிறுத்துனாரு. இலையில இருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால நசுக்கினாரு. குழைஞ்சது. இன்னொண்ணை எடுத்தாரு. அது நசுங்கல.

அல்போன்சா, உன் கடை எங்க இருக்குன்னாரு.

அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அவளைக் காப்பாத்தணும்லா? நான்தான் முந்திக்கிட்டு, கடையிலயும் இப்படிக் கலந்து விக்கானுக இக்னாசி, நாங்க உங்க வீட்டுக்கெல்லாம் அரிசி கொண்டாரல, நீங்க ஒண்ணும் நினைக்காதியன்னேன். அவரு எங்கிட்ட கேக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. கேக்கதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரல. இலையை மடக்கிட்டாரு. அசனத்து இலையை, சோத்தோட. அந்தோணியார் சாப்பாட்டை அப்படி மடக்கலாமா?

இதுல எம் மேல என்ன குத்தம் சொல்லுங்க? அவ முதல் வாரம் அரிசியைப் பொறுக்காம ரெண்டு நா மூணு வேக்காட்டுச் சோத்தை அவருக்குப் போட்டிருக்கக்கூடாது. இட்லி அரிசியை அந்தச் சிறுக்கி டிரம்முல கொட்டியிருக்கக்கூடாது. சமையக்காரன் கூடக் கொஞ்சம் தண்ணி விட்டிருக்கணும். யாரைச் சொல்ல?

அட, பேரைச் சொல்லிட்டேனே. இக்னாசின்னு. சரி, நீங்க வெளியூரு. மனசோட வச்சுக்கிடுங்க.

அன்னைக்கு அசனத்துல வச்ச கைதான் கடைசி. அதுக்குப் பொறவு அந்த வீட்டுல அவரு சோத்தைத் தொடல. அவ எதைக் கொண்டு வச்சாலும், இது எங்கேருந்து வந்ததும்பாரு. எஞ் சம்பளத்துல வாங்குனதும்பா. நம்ப மாட்டாரு. கடைக்காரனையே கூட்டியாந்து நிறுத்தியிருக்கா, இவ வாங்குனதுதான்னு அவன் சொல்லியிருக்கான். இப்படிச் சொல்ல இவனுக்கு எந்தக் கூடையில அரிசி போச்சுன்னு கேட்டாராம். பால் இல்லாத கட்டஞ்சாயா மட்டும் குடிப்பாரு. அவ அழுதுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருப்பா. அவரு சாப்பிடாம அவளுக்கு மட்டும் தொண்டையில இறங்குமா? ரெண்டு பேரும் காஞ்சு போனாவ.

நாங்க போனா அவ கதவைத் துறக்கல. பின்வாசல்ல பையை வச்சுட்டு வந்தோம். மறுநா கோயில் வாசல்ல கிடக்கு, கட்டு அவுக்காம. சாமியார் போனாரு. அவருகிட்ட மரியாதையாப் பேசி, நற்கருணை அப்பம் வாங்கிக்கிட்டாராம். அதை மட்டும் விழுங்கியிருக்காரு. சோத்தைப் பத்திப் பேச்செடுத்தா கண்ணை மூடிக்கிட்டாராம். வெளிய வந்து சாமியார், எனக்கு என்ன செய்யதுன்னு தெரியலம்மான்னாரு. சின்ன வயசு சாமியார், பாவம்.

ஒரு நா மனசு கேக்காம, அவ கம்பெனிக்குப் போன நேரம் பாத்து நானே தனியாப் போயி அவரு கட்டில் பக்கத்துல நின்னேன். உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம் இக்னாசின்னு கேட்டேன். முகட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு:

“கெடுதல் இல்லக்கா. இல்லைன்னா வாங்கித் திங்கதுதான். நான் கொடுக்கலையா, நாலு பேரு எங்கிட்ட வாங்கலையா? ஆனா நான் உறங்குதனான்னு பாத்துட்டு வந்தியளே. எம் பொண்டாட்டியை எங்கிட்டயே தினம் பொய் சொல்ல வச்சியளே. கைதான் விளங்கல, காது நல்லாத்தான் கேக்கு. எம் முன்னால உக்காந்து ஒரு வார்த்தை கேக்கதுக்கு உங்களுக்கு என்ன வந்தது?”

எங்க வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். ரகசியமாக் கொடுக்கதுதான் எங்க ஒழுங்கு, அது உங்க மரியாதைக்காகத்தான்னு. அவரு சிரிச்சாரு. ஒரு பக்க வாய் மட்டும் போச்சு. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு வந்து எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கல.

வல்லநாடு தாண்டிட்டா? இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்தச் சன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க, வெயில் உங்க முகத்துலயே அடிக்கி.

இப்ப ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. ஆளு மயங்கிட்டாரு, அல்போன்சா கத்தின கத்துல தெருவே கூடி ஆம்புலன்சுல ஏத்துச்சு. கையில குளுகோஸ் போகுது. டாக்டரம்மா சொல்லிட்டாவளாம், இப்படியே கிடந்தா தாங்காது, வாய் வழியா எதாவது உள்ள போகணும்னு. ஆஸ்பத்திரியில பாலும் ரொட்டியும் கொடுக்கான். கட்டில் பக்கத்துல அப்படியே இருக்கு. நான் ரெண்டு தடவை போய்ட்டேன். வார்டு வாசல்லயே அல்போன்சா கையெடுத்துக் கும்பிடுதா, அக்கா, உங்களைப் பாத்தா அந்தப் பாலையும் தள்ளி வைக்கச் சொல்லுதாக, வராதியன்னு. என்னையக் கும்பிடுதா. நான் வளத்த பிள்ளை மாதிரி அவ. ரெண்டு தடவையும் இந்தத் தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டாந்து, வழியில இருக்க நாய்க்கு ஊத்திட்டு வந்தேன். நான் என்ன செய்ய? சொல்லுங்கம்மா, நான் என்ன செய்ய? மனுசன் பசியில சாகுதாரு, எங்கிட்ட ஒரு டிரம்மு அரிசி இருக்கு.

இல்ல, இல்ல, அழல. வேர்வை.

இந்தக் கஞ்சியைப் பாருங்களேன். துறந்தே காட்டுதேன். இது பிடியரிசி இல்ல. எங்கையால கடையில போய் வாங்குன அரிசி. அதையும் நம்பாம ராத்திரி முறத்துல போட்டுப் பொறுக்கினேன், ஒரு மணி மாறிக் கிடந்திரக்கூடாதுன்னு. ஒரே அரிசி. ஒரே வேக்காடு. இதுல அவரு என்ன குத்தம் கண்டுபிடிப்பாரு? அதான் உங்களைப் பாத்ததும் எனக்கு அந்தோணியாரே அனுப்புன மாதிரி இருந்தது. உங்க முகம் அவருக்குத் தெரியாது. அல்போன்சாளுக்கும் தெரியாது. நீங்க போயி, எங்க மாமியாருக்குக் கொண்டு வந்தேன், மிஞ்சிட்டு, கீழ கொட்ட மனசில்ல, குடிக்கியளான்னு சொல்லிக் கொடுத்தா? ஆம்பிளை வார்டுதான். கடைசிக் கட்டில், சன்னல் ஓரம். மெலிஞ்சு கிடப்பாரு, ஆனா நெத்தியைப் பாத்தாலே தெரியும், பெரிய மனுசன்னு.

என்ன யோசிக்கிய?

அவருகிட்ட நானே நேராக் கேக்கணுமா? என்னன்னு கேக்க? பெர்பெத்து வந்திருக்கேன், கஞ்சி கொண்டாந்திருக்கேன், குடிக்கியளா இக்னாசின்னா? அப்படியே கேக்கதா? அவரு வேண்டாம்னு சொல்லிட்டா? எல்லாருக்கும் முன்னால, முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லிட்டா நான் எங்க கொண்டு முகத்தை வைப்பேன்? இல்லம்மா, அது சரிப்படாது. நாங்க இத்தனை வருசமா யாருகிட்டயும் அப்படிக் கேட்டதே இல்ல. சலோமி சொன்ன மாதிரியே நீங்களும் சொல்லுதிய. நல்ல மனசுக்காரிய, ஆனா விவரம் பத்தல.

ஆஸ்பத்திரி வந்துட்டு பாருங்க. தம்பி, கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும், விசில் கொடுத்திராத. பாத்து இறங்குங்கம்மா. இந்தாங்க, பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. ஏன் கையைப் பின்னால இழுக்கிய, சுடாது. நான் உள்ள வரல, இந்த மரத்தடியிலயே நிக்கேன், குடிச்சாரான்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போங்க. இந்தத் துண்டை மேல போட்டு மூடிக்கிடுங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்.

எம் பேரை மட்டும் சொல்லிராதிய.